சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற கான்கிரீட்

பம்ப் இருமியது. நீண்ட குழாயின் வாயிலிருந்து கடைசியாகக் கொஞ்சம் கான்கிரீட் தொப்பென்று விழுந்தது. பிறகு வெறும் காற்று புஸ்ஸென்று வந்தது. பம்ப் ஓட்டுகிறவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

"கதம், மேடம்."

அவர் எஞ்சினை நிறுத்தியதும்தான் இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. சோலாப்பூர் ரோட்டுப் பக்கமிருந்து தாளம், மிருதங்கம், ஆயிரக்கணக்கான குரல்கள். பண்டரிபுரத்துக்கு நடந்து போகிறவர்களின் பால்கி, அதாவது பல்லக்கு ஊர்வலம் ஹடப்சருக்குள் வந்துவிட்டது.

சாலைக்கு அந்தப் பக்கம் எங்கள் கான்கிரீட் லாரிகள் வரிசையாக நின்றன. இந்தப் பக்கம் எங்கள் குழி. நடுவில் மனித ஆறு.

சென்ற வாரம் அந்தக் குழியைத் தோண்டிய கதையைத்தான் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை: ஹடப்சரில் இரண்டு உயரமான குடியிருப்புக் கோபுரங்கள். கட்டுகிற கம்பெனியின் பிராஜெக்ட் மேனேஜர் நான். கோபுரங்கள் உட்காரப்போகிற அஸ்திவாரத்துக்கு ராஃப்ட் என்று பெயர். கல்யாண மண்டபம் அளவுக்கு அகலமாய், ஆள் உயரத்துக்கும் மேலே கனமாய், ஒரே கான்கிரீட் மெத்தை.

அதை ஒரே மூச்சில் ஊற்றி முடிக்க வேண்டும். நடுவில் நின்றுபோனால் ஊற்றியது இறுகிவிடும். மேலே விழும் புதியது அதோடு சேராது. கட்டடம் இருக்கும் காலம் வரை அந்த இடம் பலவீனம்தான்.

எங்களுடையது முக்கால்வாசி முடிந்து நின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே. பயம் ஒரு அளவைத் தாண்டினால் எனக்குச் சிரிப்புதான் வரும். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பரீட்சைத் தாளை வாங்கியதும் சிரித்து, காப்பியடிக்கிறேனோ என்று சந்தேகப்பட்டு டீச்சர் என் பாவாடை மடிப்பெல்லாம் சோதித்திருக்கிறார். என் கணவர் கல்யாணத்தன்று தாலி கட்டியபோது நான் சிரித்ததைச் சந்தோஷம் என்று நினைத்தார். இன்னும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

மூன்று வானங்கள்

இப்படி ஒரு நாளில் யாராவது ராஃப்ட் போடுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தலைமை அலுவலகமும் அதையேதான் கேட்டது.

பெரிய வேலைகளுக்கு நாங்கள் ஆபத்துகளின் அட்டவணை ஒன்று போடுவோம். என்னென்ன தப்பாகப் போகலாம் என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து, சமோசா சாப்பிட்டுக்கொண்டே, சிவப்பு மஞ்சள் பச்சை வண்ணம் பூசுவது. எங்களுடையதில் மழை இருந்தது, மின்வெட்டு இருந்தது, லாரி கோளாறு இருந்தது, விதைப்புக்காக ஆட்கள் ஊருக்குப் போய்விடுவது இருந்தது. பால்கியும் இருந்தது, மஞ்சளில். தேதிதான் முன்பே தெரியுமே!

ஒவ்வொன்றும் தன் தன் கட்டத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அவை ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஊர்வலமாக வரும் என்று எழுத மட்டும் கட்டம் இல்லை.

பால்கிக்கு ஒரு வாரம் முன்பே ராஃப்டை முடிப்பதுதான் திட்டம். மழை முந்திக்கொண்டது. தினமும் குழியில் தண்ணீர், தினமும் இறைப்பு. அதைவிட மோசம், குழியின் கிழக்குக் கரை. ஈரத்தில் ஊறி, மண் கட்டி கட்டியாக உள்ளே விழ ஆரம்பித்தது. அந்தக் கரைக்கு மேலே பக்கத்துத் தெருவும் ஒரு வரிசை வீடுகளும் இருந்தன. இன்னொரு பெருமழை வருவதற்குள் ராஃப்டை ஊற்றி முடித்துவிட்டால் கரைக்குக் கீழே பிடிமானம் கிடைக்கும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே நான் விரும்பவில்லை.

ஔந்தில் வீட்டிலிருந்து என் கணவர் வானிலையைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அவர் பாங்க் அதிகாரி. ஆனால் அந்த ஜூன் முழுக்க வானிலை அதிகாரி. அவர் போனில் மூன்று ஆப். ஒன்று வெயில் என்றது. இன்னொன்று சாரல் என்றது. மூன்றாவது இடியும் மின்னலுமாகப் படம் போட்டுக் காட்டியது.

"எந்த வானத்தை நம்பச் சொல்லுதீங்க?" என்று கேட்டேன்.

"மூணையும் கூட்டி மூணால வகுத்துப் பாரு," என்றார். பாங்க் புத்தி.

கடைசியில் மூன்று ஆப்பும் ஒரே குரலில் சொன்னது ஒன்றே ஒன்று: ஒன்றரை நாளுக்குப் பெருமழை கிடையாது, அதற்கப்புறம் உண்டு. அன்று காலை ஆரம்பித்தால் மறுநாள் விடிவதற்குள், போலீஸ் சாலையை மூடுவதற்கு முன்பே, முடித்துவிடலாம். கையில் சில மணி நேரம் மிச்சமும் இருக்கும். கையெழுத்துப் போட்டேன்.

எல்லாம் அழகாகத்தான் போனது, சாயங்காலம் வரை. கான்கிரீட் பிளான்ட் இருந்த பக்கம் மட்டும் ஒரு குட்டிப் புயல். மின்கம்பி மேல் மரம் விழுந்தது. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடி மூச்சுத் திணறியது. சரிசெய்து முடிப்பதற்குள் எங்கள் மிச்ச நேரம் அத்தனையும் கரைந்துபோனது. விடிந்தது, சாலையை மூடினார்கள்.

லாரி வரவில்லை, பிரசாதம் வந்தது

பென்னி பற்றிச் சொல்ல வேண்டும். பெனடிக்ட் என்று முழுப் பெயர். கட்கி கண்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்த தமிழன். லாரி, பம்ப், டீசல், போலீஸ் எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய தமிழுக்குள் இந்தியும் மராத்தியும் நிரந்தர வாடகைக்குக் குடியிருக்கும்.

"டென்ஷன் நகோ, மேடம். கிராசிங்ல போலீஸ்காரன்ட்ட பேசிட்டு வரேன். ரெண்டு ரெண்டு லாரியா விடச் சொல்றேன்," என்று பைக்கில் பறந்தார்.

திரும்பி வந்தபோது அவர் நெற்றியில் சந்தனக் கோடும் கறுப்புப் பொட்டும் இருந்தன. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"என்ன ஆச்சு?"

"போலீஸ்காரன், 'மாவுலி, ஆத்தா நாஹி'ங்கறான். இப்ப முடியாதாம். கூட்டத்தைக் காட்டி, 'நீயே அவங்கள்ட்ட கேளு'ன்றான். நானும் கேக்கலாம்னு உள்ள போனேன் மேடம். ஒரு ஆஜோபா, வயசான தாத்தா, பிடிச்சு நெத்தியில கந்தம் வச்சு விட்டுட்டாரு. இன்னொருத்தர் கேலா குடுத்தாரு. எல்லாரும் என் கால்ல விழறாங்க. நானும் எல்லார் கால்லயும் விழுந்தேன். பஸ், அவ்ளோதான்."

மாவுலி என்றால் தாய். பால்கியில் நடக்கிறவர்கள் எதிரில் வரும் எல்லோரையும் அப்படித்தான் அழைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகும் எங்கள் பென்னி உட்பட.

வாழைப்பழத்தை எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தோம். அந்தப் பக்கத்து டிரைவர்களில் ஒருவர் வீடியோ காலில் வந்து, லாரியின் உருளை சுற்றிக்கொண்டே இருப்பதைக் காட்டினார். பின்னணியில் அவரே தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. ஊற்றிய கான்கிரீட் எங்கள் கண்ணெதிரே பளபளப்பை இழந்துகொண்டிருந்தது. அதிகம் போனால் இன்னும் ஒரு மணி நேரம்.

"மேடம்," என்றார் பென்னி மெதுவாக. "ஜாடிகிட்ட கேக்கலாமா?"

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"நீங்க சாக வேணாம். ராஃப்ட் செத்துரும்."

ஜாடி

எங்கள் சைட்டுக்கும் பக்கத்து சைட்டுக்கும் நடுவே ஒரு தகர வேலி. அந்தப் பக்கம் எங்களைவிடப் பெரிய கம்பெனி. சைட்டுக்குள்ளேயே சொந்தமாகக் கான்கிரீட் கலக்கும் பிளான்ட் வைத்திருந்தார்கள். அங்கே தலைவர் ஜோகலேகர்.

எங்களுக்கும் அவருக்கும் ஆகாது. எங்கள் கிரேனின் கை அவர் ஆபீஸ் கூரைக்கு மேலே சுற்றுகிறது என்று அவர் புகார் எழுதுவார். அவருடைய லாரிகள் எங்கள் வாசலில் சேறு கொட்டுகின்றன என்று நான் எழுதுவேன். வேலி ஒரு சாண் எங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பது தனிச் சண்டை. மாதம் ஒருமுறை இரண்டு தரப்பும் உட்கார்ந்து மராத்தியிலும் ஆங்கிலத்திலும் சண்டை போடுவோம். அவர் எதிரிலேயே பென்னியும் நானும் தமிழில் எங்கள் அபிப்பிராயங்களைப் பரிமாறிக்கொள்வோம். குள்ளமாய், அகலமாய், புருவம் வரை இறக்கிய வெள்ளை ஹெல்மெட்டோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தோம். ஊறுகாய் ஜாடி.

போனோம். அவர் அறையில் டீ கொடுத்தார். எனக்குத் தெரிந்த மிகப் பணிவான இந்தியில் நிலைமையை விளக்கினேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இன்னா மேடம்," என்றார். "ஊறுகா ஜாடி கைல வந்து கான்கிரீட் கேக்குறீங்க?"

பென்னியின் டீ பென்னியின் சட்டையில் இருந்தது.

"சார்... ஆப்கோ... தமிழ்?" என்றார் பென்னி.

"கிண்டில குப்ப கொட்டினவன்யா நானு. என் பையன் அங்கதான் பொறந்தான். நீங்க ரெண்டு பேரும் மீட்டிங்ல பேசுறது இருக்கே, ஒரு வரி வுட மாட்டேன். அதுக்கோசரமே மீட்டிங்குக்கு லீவு போட மாட்டேன்."

என் காது மடல் இரண்டும் பற்றி எரிந்தன. ஒரு வருஷமாக அவரைப் பற்றி என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்று மனம் வேகமாகப் புரட்டிப் பார்த்தது. அவருடைய டை. அவருடைய குறட்டைபோன்ற மூச்சு. ஐயோ, அவருடைய மைத்துனர்! என்னை மீறி ஒரு கெக்கலிப்பு வெளியே வந்துவிட்டது. அடுத்து பென்னி. அப்புறம் ஜோகலேகரின் தொந்தி குலுங்க ஆரம்பித்தது. எங்கள் அஸ்திவாரம் இறுகிக்கொண்டிருக்க, மூன்று பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

முதலில் நிறுத்தியவர் அவர்தான்.

"இத கேளுங்க. என் சைலோல இருக்கிற சிமெண்ட் நாளன்னிக்கு என் தளத்துக்கு. உங்களுக்கு ஊத்திட்டா, ரோடு தொறக்க லேட்டாச்சுன்னா, மழ புடிச்சிகிச்சுன்னா, நான் காலி. ஹெட் ஆபீஸ் தோல உரிச்சிரும்."

"ரோடு திறந்ததும் முதல்ல தாண்டி வர்ற எங்க சிமெண்ட் லாரி நேரா உங்க சைலோவுக்குத்தான் வரும், சார்," என்றேன். "உங்க ஜெனரேட்டரை மேல தூக்க கிரேன் இல்லாம நிக்கிறீங்களே, என் கிரேனை அனுப்புறேன். எழுதித் தரேன்."

"எழுதிலாம் தர வேணாம். நீங்க எழுதுனதே ஒரு ஃபைல் நெறைய கீது." டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தார். "பாதில நின்ன ராஃப்ட் பாத்துக்கீறீங்களா?"

"இல்லை."

"நான் பாத்துகீறேன். கிண்டிலதான். மழ, ரோடெல்லாம் தண்ணி, லாரி வரல. கோடை முழுக்க நின்னு அத ஒடச்சோம். அந்த மிஷின் சத்தம் இன்னிக்கும் காதுல கேக்கும்." எழுந்து ஹெல்மெட்டைப் புருவம் வரை இறக்கினார். "எந்திரிங்க."

வேலி

எங்கள் கட்டமைப்பு ஆலோசகரைப் போனில் பிடித்தேன். இரண்டு சைட்டுக்கும் ஒரே குவாரிக் கல், ஒரே சிமெண்ட், ஒரே வலிமை. அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பழைய கான்கிரீட் இன்னும் இளகி இருந்தால் மட்டும், சோதனை எடுத்து, ஊற்றலாம் என்றார்.

அவசரத்துக்கென்று வைத்திருந்த இன்னொரு பம்ப்பை வேலி ஓரம் இழுத்து வந்தோம். குழாய் போக வழி வேண்டும். வேலியின் போல்ட் எல்லாம் துரு. இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள், அந்தப் பக்கம் அவர் ஆட்கள், ஆளுக்கொரு ஸ்பானர். யாரோ வெளியே கேட்கும் தாளத்துக்கு ஏற்றபடி சுத்தியலைத் தட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அத்தனை கடிதம் எழுதி நகர்த்த முடியாத வேலி சடசடவென்று படுத்தது. ஜோகலேகர் அதன் மேல் நடந்து எங்கள் பக்கம் வந்தார்.

"ஒரு சாண்லாம் இல்ல," என்றார் கீழே பார்த்து. "நாலு வெரல்தான்."

நான் குழிக்குள் இறங்கினேன். கான்கிரீட்டை அதிர்த்துப் படியவைக்கும் வைப்ரேட்டர் ஊசியைப் பழைய கான்கிரீட்டில் செங்குத்தாக வைத்தோம். தன் எடையிலேயே அது உள்ளே இறங்க வேண்டும். இறங்கினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

ஊசி மேலேயே நின்று அதிர்ந்தது. பிறகு, மனமில்லாமல், ஒரு பெருமூச்சு விடுகிற மாதிரி, உள்ளே போனது. வெளியே எடுத்தோம். பள்ளம் தானே மூடிக்கொண்டது.

"ஜிந்தா ஹை!" என்று பென்னி கத்தினார். குழி முழுக்க அது எதிரொலித்தது. மேலே யாரோ விசில் அடித்தார்கள். குழாய் நெளிந்தது, இருமியது, கொட்டியது. ஜோகலேகரின் கான்கிரீட் எங்கள் கம்பிகளுக்கு நடுவே வழிந்து இறங்கியதைப் பார்த்து, சோற்றில் சாம்பார் விழுவதைப் பார்க்கும் பசிக்காரி மாதிரி நின்றேன்.

அந்தப் பக்கம் நின்ற லாரிகளின் கான்கிரீட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பிளான்ட்டுக்கே திரும்பிப் போய், அவர்கள் வாசலுக்கு நல்ல தளமாகிவிட்டது.

பர்பணியிலிருந்து வந்தவள்

மதியத்துக்கு மேல் தூறல் ஆரம்பித்தது. சாரல் என்ற இரண்டாவது ஆப் ஜெயித்துவிட்டது. தார்ப்பாய்களைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். இன்னும் ஒரு மூலை பாக்கி.

வாசலிலிருந்து காவலாளி வந்தார். நடந்து வந்த பெண்கள் கூட்டம் ஒன்று ஒதுங்க இடம் கேட்கிறதாம். வெளியாட்களை வேலை நடக்கும் இடத்தில் விடக் கூடாது. வாசலை ஒட்டி, குழிக்கு எட்டாமல், ஆட்கள் சாப்பிடும் கொட்டகை இருந்தது. அதைத் திறந்துவிடச் சொன்னேன்.

ஈரப் புடவையோடு வந்து அமர்ந்தார்கள். தலையில் துளசிச் செடி வைத்திருந்தவள் பெயர் சகுபாய். பர்பணிப் பக்கத்தில் கொஞ்சம் நிலம். என் வயதுதான் இருக்கும். தடுப்புக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய கிணறா?" என்று மராத்தியில் கேட்டாள்.

"கிணறு இல்லை. வீடு வரப்போகிறது."

"எத்தனை பேருக்கு?"

சொன்னேன். "எங்கள் ஊரே இங்கே குடிவரலாம்," என்று அவள் சிரித்தாள். நான் மழையைப் பார்த்து முகம் சுளிப்பதைக் கவனித்துவிட்டாள். "மழை வேண்டாமா உனக்கு?"

"இன்னும் கொஞ்ச நேரம் வேண்டாம். எல்லாம் கெட்டுவிடும்."

"நான் அதைக் கேட்டுத்தான் நடந்து போகிறேன். இன்னும் விதைக்கவே இல்லை."

ஒரே மேகத்துக்குக் கீழே நின்று இரண்டு பேரும் எதிரெதிராக வேண்டிக்கொண்டிருந்தோம். அவள் யோசித்தாள். பிறகு வானத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பண்டரிபுரத்துச் சாமியிடம், "விட்டோபா, இவள் வேலை முடியட்டும், அப்புறம் கொட்டு," என்றாள். டீ கொண்டுவரச் சொன்னேன்.

தூறல் தூறலாகவே இருந்தது. கடைசி மூலையும் நிரம்பியது. மட்டம் பார்த்து, தேய்த்து, பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினார்கள். எங்கள் ஆட்கள் பம்ப்பை நிறுத்தினார்கள். பிறகு இரண்டு சைட் ஆட்களும் சேர்ந்து போட்ட கூச்சலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

பெண்களும் எழுந்துவிட்டார்கள். தாளம் எடுத்தார்கள். சகுபாய் என் இரண்டு கைகளையும் குறுக்காகப் பிடித்தாள்.

"ஃபுகடி தெரியுமா?"

தெரியாது என்று சொல்வதற்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். கைகளைக் கோத்து, பாதங்களைச் சேர்த்து, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு தட்டாமாலை சுற்றுவது. நான் பாதுகாப்பு பூட்ஸில், அவள் வெறுங்காலில். முதல் சுற்றில் என் ஹெல்மெட் பறந்தது. இரண்டாவதில் என் பதவி. கிரேன், கொட்டகை, பென்னியின் பிளந்த வாய், வேலி இருந்த இடம், ஜோகலேகரின் தொந்தி எல்லாம் ஒரே கோடாக என்னைச் சுற்றி ஓடின. பாளையங்கோட்டையை விட்டு வந்த பிறகு அப்படிக் கத்தியிருக்கிறேனா என்று தெரியவில்லை. இன்னும் வேகமாக, இன்னும், என்று தமிழில் கத்தினேன். அவளுக்கு அது புரிந்தது.

கடைசியில் கை நழுவி இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்தோம். பென்னி ஓடி வந்தார்.

"மேடம், டீக் ஹோ நா? அடி லாகலை இல்ல?"

தலை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. "இன்னும் எவ்ளோ நேரம் மழை வராம இருக்கணும் பென்னி? மேல்பாகம் இறுக?"

"விரிப்பு போட்டாச்சு மேடம். இனிமே எவ்ளோ பெஞ்சாலும் நமக்கு ஃபாய்தாதான். கான்கிரீட்டுக்குத் தண்ணி ஊத்துற வேலை மிச்சம். கரையையும் ராஃப்ட் பிடிச்சுக்கும்."

நான் சகுபாயைப் பார்த்தேன். வேலை முடிந்ததா என்று கண்ணால் கேட்டாள். முடிந்தது என்று தலையாட்டினேன்.

அவள் இரண்டு கைகளையும் மேலே விரித்து, "ஆத்தா யே!" என்று வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். இப்போது வா. பின்னால் இருந்த பெண்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள். சேற்றில் உட்கார்ந்தபடியே நானும் கையைத் தூக்கினேன். காலையிலிருந்து திட்டித் தீர்த்த அதே மேகத்தைப் பார்த்து, தொண்டை கிழிய, "வா! வா!" என்று கூப்பிட்டேன்.

வந்தது.